தெரிந்தே புகைத்தவர்கள்

அமெரிக்காவில் 1976-ல் பெண் நர்ஸ்களின் உடல்நலம் பற்றி ஒரு நீண்ட ஆய்வு தொடங்கியது. கேள்வித்தாளை நிரப்பி அனுப்பிய 1,21,700 பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் சிகரெட் பிடிப்பவர். சிகரெட் நுரையீரல் புற்றுநோயைத் தரும் என்று அந்நாட்டு அரசின் அறிக்கை 1964-லேயே சொல்லிவிட்டது. ஆக, தெரியாமல் புகைத்தார்கள் என்று சொல்ல வழியில்லை.

பிறகு ஏன்? ரத்தத்தில் ஏறிய நிகோட்டின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் உடம்பு அதைத் திரும்பத் திரும்பக் கேட்கும். இது எல்லாப் புகைப்பவர்களுக்கும் பொது. நர்ஸ்களுக்கென்றே இன்னொன்று உண்டு. “சும்மா அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துட்டு வரேன்” என்று வார்டை விட்டு நகர முடியாது; “ஒரு தம் போட்டுட்டு வரேன்” என்றால் சக நர்ஸ் அந்த நோயாளிகளைப் பார்த்துக்கொள்வார். புகைக்காதவர்கள் இதைப் பார்த்துப் பொருமியதும் உண்டு, நியாயம்தான். சிகரெட்டை விட்டால் ஓய்வும் போய்விடும் என்பதுதான் சிக்கல். அந்த ஐந்து நிமிடத்தைச் சிகரெட் இல்லாமலும் தராத ஆஸ்பத்திரி, சுவரில் எத்தனை எச்சரிக்கை ஒட்டினாலும் பெரிய பலன் இருக்காது என்பேன்.

விட நினைப்பவர் நாள் பார்க்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் எரிச்சலும் தவிப்பும் உச்சத்தில் இருக்கும். தொடர் நைட் ட்யூட்டிக்கு முன் ஆரம்பிக்காதீர்கள். தவிப்பு ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். தூங்கி எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் தேவைப்படுபவருக்கு நிகோட்டின் சூயிங் கம்மில் 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2. நைட் முடித்துப் பகலில் தூங்குபவர் எழும் நேரத்தை வைத்தே கணக்கிட வேண்டும். கம்மைச் சாதாரண சூயிங் கம் போல விடாமல் மெல்லக் கூடாது. நாக்கில் சுருக்கென்றதும் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, அது அடங்கியபின் மறுபடி மெல்ல வேண்டும். காப்பி குடித்துக் கால் மணி நேரத்துக்குள் போட்டால் நிகோட்டின் சரியாக உடம்பில் சேராது. நர்ஸ்கள் கையில் காப்பி இல்லாத நேரம் எது?

விட்டதால் என்ன பலன் என்பதையும் தொடக்கத்தில் சொன்ன அதே நர்ஸ்கள் ஆய்வு காட்டியது. இதய நோயால் சாகும் கூடுதல் ஆபத்தில் பெரும்பகுதி, விட்ட ஐந்து ஆண்டுகளுக்குள்ளேயே குறைந்துவிட்டது. நுரையீரல் புற்றுநோய் ஆபத்து இறங்கத்தான் நெடுநாளாகிறது.

2003-ல் நர்ஸ் பேராசிரியர் லிண்டா சார்னாவும் தோழிகளும், புகைக்கும் நர்ஸ்களுக்கு உதவ ஓர் இயக்கம் தொடங்கினார்கள். 2010–11-ல் அமெரிக்காவின் பதிவுபெற்ற நர்ஸ்களில் புகைப்பவர் 7 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். அவர்களைவிடக் குறைந்த படிப்பும் சம்பளமும் உள்ள உதவி நிலை நர்ஸ்களில் அப்போதும் நாலில் ஒருவர் புகைத்துக்கொண்டிருந்தார்.