கொமுட்டரில் ஒரு தோணி

மேருவில் குடியிருந்துகொண்டு பிரிக்பீல்ட்ஸில் வேலை பார்க்கிறவனுக்கு வாசிக்க நேரம் தாராளம். கிள்ளானில் கொமுட்டர் ஏறி உட்கார்ந்தால் கேஎல் சென்ட்ரல்வரை புத்தகம்தான். ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை இந்த மாதம் மூன்றாம் முறையாக முடித்தேன். ஜப்பான்காரன் காலத்தைச் சொல்லும் நாவலை 'ரசித்துப் படித்தேன்' என்று சொல்லக் கூச்சம்தான். ஆனாலும் ரசித்தேன்.

சிங்காரம் 1938-ல் மேடானுக்குக் கப்பலேறியவர்; 1946-ல் ஊர் திரும்பி மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்தார். நாவல் 1972-ல்தான் அச்சானது. மேடான் நமக்கு அக்கரைதான், நடுவே மலாக்கா நீரிணை. நாவலில் அந்த ஊருக்குள் ஜப்பானியப் படை நுழைகிறது. சனம் தெருவோரம் நின்று வேடிக்கை பார்க்கிறது. வெட்டிய தலைகளைக் காட்சிக்கு வைக்கிறார்கள். ஆனாலும் தமிழர் வட்டிக்கடைப் பெட்டியடிகளில் ஊர்ப்பேச்சும் கேலியும் ஓயவில்லை. சிங்காரம் ஒப்பாரி வைப்பதில்லை. பயந்த சனமும் கணக்குப் பார்க்கும், மதுரைத் தெருக்களை நினைத்து ஏங்கும். என்னை இழுப்பது போரைவிட இந்தப் பேச்சுதான்.

ஆனால் அது கடைத்தெருவின் கதை. எங்கள் தோட்டத்து லயம் அதில் இல்லை. 1941 மே மாதம் கிள்ளான் வட்டாரத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த பால்மரத் தொழிலாளர்களை வெள்ளைக்காரன் சுட்டான். டிசம்பர் 8-ல் கோத்தபாருவில் இறங்கிய ஜப்பான்காரன், 1942 ஜனவரி 11-ல் கோலாலம்பூரைப் பிடித்தான். பிறகு தோட்டத்து ஆட்களைச் சயாமுக்கு ஏற்றினான். 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதைக்காக நம் கிழக்குக்கரை ரயில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனான். இந்த வரலாற்றை ரயிலில் உட்கார்ந்து படிக்கும்போது சக்கரச் சத்தம் வேறு மாதிரி கேட்கிறது.

லயத்தின் கதையை அ.ரெங்கசாமி எழுதினார். சயாமிலிருந்து மீண்டவர்களைத் தேடிப்போய்க் கேட்டு எழுதிய நாவல் 'நினைவுச்சின்னம்'. சிங்காரத்தின் துள்ளல் இவரிடம் கிடையாது. நிதானமாகச் சொல்லிக்கொண்டே போவார். முதலில் சலித்தேன். பாட்டி சொல்லாமல் விட்டதெல்லாம் அதில் இருக்கிறது என்று புரிந்தபோது சலிப்பு போய்விட்டது.

பாட்டியின் அப்பா சயாமுக்குப் போனவர். "போனாரு" என்பதோடு பேச்சு நின்றுவிடும். பாட்டி தகரப்பெட்டியில் ஜப்பான் காலத்து வாழைமர நோட்டு ஒரு கட்டு வைத்திருந்தது. செல்லாக் காசுதானே என்று நாங்கள் கடை விளையாட எடுப்போம். ஒரு தாள் மடங்கினாலும் பாட்டி திட்டும்.