வஹீதா போட்ட இரண்டு நிபந்தனைகள்
சினிமா ஆசையில் அந்தேரிக்கு ரெயில் ஏறுவோர் கவனத்துக்கு

ஆண்டு 1955. பம்பாயில் குருதத்தின் சினிமாக் கம்பெனி அலுவலகம். செங்கல்பட்டில் பிறந்த 17 வயதுப் பெண் ஒருத்தி, தாயாருடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வந்திருந்தாள். தந்தை காலமாகிவிட்டார். வீட்டுக்கு வருமானம் தேவை. வந்த வாய்ப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

பெயர் நீளமாக இருக்கிறது, மாற்றவேண்டும் என்றார் இயக்குனர் ராஜ் கோஸ்லா. திலீப்குமார், மதுபாலா, மீனாகுமாரி எல்லோரும் மாற்றிக்கொண்டவர்கள்தானே என்று காரணம் சொன்னார். பெண் மசியவில்லை. பெற்றோர் வைத்த பெயரை மாற்ற முடியாது என்றாள். பேச்சு சில நாள் இழுத்தது. கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது.

அப்போதாவது கையெழுத்துப் போட்டாளா? இல்லை. இன்னும் ஒரு வரி சேர்க்கவேண்டும் என்றாள். தனக்குப் பிடிக்காத உடையை அணியமாட்டேன் என்பதே அந்த வரி. புதுமுகம் நிபந்தனை போடுவதா என்று கோஸ்லாவுக்கு எரிச்சல். ஆனாலும் அந்த வரி ஒப்பந்தத்தில் ஏறியது. பெண்ணுக்கு 18 நிரம்பாததால் தாயார் கையெழுத்திட்டார்.

அவர்தான் வஹீதா ரஹ்மான். மறு வருடம் 'சி.ஐ.டி.' படத்தில் முழுப் பெயரோடு வந்தார். 2023-ல் தாதாசாகேப் பால்கே விருது அறிவிக்கப்பட்டபோதும் அதே பெயர்தான்.

அவருக்கு ஏஜெண்டு கிடையாது. ஐதராபாத்தில் ஒரு வினியோகஸ்தர் அலுவலகத்தில் குருதத் அவரைப் பார்த்தார். சில மாதம் கழித்து ஆள் வந்து அழைத்தது. தெலுங்குப் படத்தில் ஆடிய நடனம் ஏற்கனவே பெயர் வாங்கிக் கொடுத்திருந்தது. வீட்டில் பேசியது உருது. ஆகவே வசனமும் தடையில்லை. இதை நம் பையன்கள் கவனிக்கவேண்டும். தாராவியில் பேசும் ஹிந்தி வேறு, கேமரா முன் கேட்கும் ஹிந்தி வேறு.

யார் யாருக்குப் பணம் தருவது?

இன்று ஆடிஷன் எல்லாம் பெரும்பாலும் அந்தேரி மேற்கு, வர்சோவா, ஓஷிவாரா பக்கம். சயானில் ஸ்லோ வண்டி ஏறினால் மூன்றாவது நிலையம் காட்கோபர். செம்பூர்க்காரர்கள் குர்லாவில் மாறவேண்டும். காட்கோபரில் இருந்து வர்சோவாவுக்கு 2014 முதல் மெட்ரோ ஓடுகிறது. வழி சுலபம். போய்ச் சேர்ந்த பிறகுதான் குழப்பம்.

அங்கே மூன்று வகை ஆட்கள் இருக்கிறார்கள். படத்துக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுப்பவர் காஸ்டிங் டைரக்டர். அவருக்குச் சம்பளம் தயாரிப்பாளர் கொடுக்கிறார். நடிகருக்காகப் பேசி வேலை பிடித்துத் தருபவர் ஏஜெண்டு, அல்லது கோ-ஆர்டினேட்டர். அவருக்குக் கமிஷன், பொதுவாக நூற்றுக்கு 10 முதல் 20 வரை. அதுவும் வேலை முடிந்து பணம் வந்த பிறகு. கூட்டக் காட்சிக்கு ஆள் சேர்ப்பவர் சப்ளையர். அவர் எடுப்பதும் கூலியில் கமிஷன்தான்.

இந்த மூவரில் யாருக்கும் நடிகர் முன்பணம் கட்டும் வழக்கமே இல்லை. பதிவுக் கட்டணம், கார்டு கட்டணம், உடைக்கு டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி, கேட்பவர் சினிமாக்காரர் அல்ல. 'தேர்வாகிவிட்டீர்கள்' என்று போனில் சொல்லி, அன்று மாலைக்குள் பணம் அனுப்பச் சொன்னால் சந்தேகமே வேண்டாம். முகத்தைக்கூடப் பார்க்காமல் யார் தேர்வு செய்வார்கள்? சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே சொல்ல வெட்கப்பட்டுச் சும்மா இருப்பதுதான் இவர்களுக்கு வசதியாகப் போகிறது.

போட்டோ மட்டும் சொந்தச் செலவு. அதையும் தங்களிடமே எடுக்கவேண்டும் என்று ஆயிரக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். தெரிந்த ஸ்டுடியோவில் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உருவம் ஒன்று எடுத்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

வேலை கிடைத்தாலும் உடனே காசு வந்துவிடாது. டி.வி. தொடர்களில் 90 நாள் கழித்துச் சம்பளம் என்பது பழகிப்போன நடைமுறை. நடிகர் சங்கமான சின்டா இதை எதிர்த்துக் குரல் கொடுத்திருக்கிறது. 1958-ல் தொடங்கிய பழைய சங்கம் அது. மூன்று மாத வாடகையைக் கையில் வைத்துக்கொள்ளாமல் இருக்கும் வேலையை விடுவது ஆபத்து. ஒப்பந்தத்தில் ஏஜெண்டின் கமிஷன் எவ்வளவு, எத்தனை வருடம், வேறு இடத்தில் நடிக்கலாமா என்ற மூன்றையும் படித்துப் பார்க்கவேண்டும். ஆங்கிலம் புரியாவிட்டால் நம் பக்கத்துக் குமாஸ்தா யாரிடமாவது காட்டலாம். இதற்கெல்லாம் ஒரு நாள் அவகாசம் தராதவரிடம் கையெழுத்தே வேண்டாம்.

ஏமாந்துவிட்டால் போலீசுக்குப் போகத் தயங்கக்கூடாது. போன் வழியாகப் பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசவேண்டும். நேரம் கடத்தினால் பணம் கைமாறிவிடும். ரசீது, போன் செய்தி எதையும் அழிக்கவேண்டாம்.

மோசடிக்கு ஊரெல்லாம் தெரிந்த எண் 420. ராஜ்கபூர் 1955-ல் அந்த எண்ணைப் படத்தின் பெயரிலேயே வைத்தார். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் அது 318-வது பிரிவு. செம்பூரில் அவருடைய ஆர்.கே. ஸ்டுடியோவும் இப்போது இல்லை. 2017-ல் தீப்பிடித்தது, 2019-ல் விற்றுவிட்டார்கள்.