கல்பாக்கத்தில் தரையில் ஓடிய நீர்மூழ்கி கப்பல்! அணுசக்தி கப்பலை எப்படி கட்டுகிறார்கள் தெரியுமா?

கல்பாக்கம்:

கல்பாக்கம் என்றாலே கரண்ட் தயாரிக்கும் அணுமின் நிலையம் தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் அதே கல்பாக்கத்தில், கடலில் இறங்காமலேயே பாதி நீர்மூழ்கி கப்பல் ஒன்று ஆண்டு கணக்கில் 'ஓடி'க்கொண்டு இருந்த விஷயம் பலருக்கு தெரியாது.

இந்தியா சொந்தமாக கட்டிய முதல் அணுசக்தி நீர்மூழ்கி கப்பல் ஐ.என்.எஸ். அரிஹந்த். அதற்கு உயிர் கொடுக்கும் அணு உலையின் மாதிரி இங்கே தான் செய்து, ஓட்டி பார்க்கப்பட்டது. கப்பலின் பாதி உடம்பு மாதிரியே ஒரு கூட்டை தரையில் அமைத்து, அதற்குள் உலை, நீராவி எந்திரம் எல்லாவற்றையும் பொருத்தினார்கள். 2003-ம் ஆண்டு நவம்பர் மாதம் அந்த உலை உயிர் பெற்றது. 2006-ல் முழுமையாக செயல்பட தொடங்கியது. அதுவரை உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே மூச்சு விடவில்லை. 2009 ஆகஸ்டில் தான் பத்திரிகையாளர்களை அழைத்துப்போய் காட்டினார்கள்.

அமெரிக்காவும் இதே வேலையை தான் செய்தது. உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கியான 'நாட்டிலஸ்' 1954-ல் கடலில் இறங்கியது. அதற்கு ஓராண்டு முன்பே அதன் உலையை ஐடஹோ மாநிலத்தின் பாலைவனத்தில் வைத்து ஓட்டி பார்த்து விட்டார்கள். கடலுக்கு அடியில் போன பிறகு "ஐயோ, கோளாறு" என்றால் மெக்கானிக்கை கூப்பிட முடியாதே!

எதற்கு அணுசக்தி?

சாதாரண நீர்மூழ்கி கப்பல் டீசலிலும் பேட்டரியிலும் ஓடுவது. தண்ணீருக்குள் இருக்கும் போது பேட்டரி தான். சில நாளில் சார்ஜ் இறங்கி விடும். டீசல் எஞ்சினை ஓட்ட காற்று வேண்டும் அல்லவா? அதற்காக மேலே வந்து குழாயை நீட்டியே ஆக வேண்டும். அந்த நேரத்தில் எதிரியின் விமானம் கண்ணில் பட்டால் கதை முடிந்தது.

அணு உலைக்கு காற்றே வேண்டாம். ஒருமுறை எரிபொருள் போட்டால் பல ஆண்டு தாங்கும். உள்ளே கரண்டுக்கு பஞ்சம் இல்லை. கடல் தண்ணீரையே நல்ல தண்ணீர் ஆக்கி, அதை மின்சாரத்தால் பிரித்து ஆக்சிஜன் எடுத்துக்கொள்வார்கள். மூச்சு விடும் கரியமில வாயுவை எந்திரம் உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் எப்போது தான் கரைக்கு வருவார்கள்? சாப்பாட்டு சாமான் தீரும் போது தான்!

உலை எப்படி கப்பலை தள்ளுகிறது?

யுரேனியம் அணு பிளக்கும் போது பயங்கர சூடு கிளம்பும். அந்த சூட்டை தண்ணீர் வாங்கிக்கொள்ளும். அதிக அழுத்தத்தில் அடைத்து வைத்திருப்பதால் அந்த தண்ணீர் கொதிக்காது. நம்ம வீட்டு குக்கர் தத்துவம் தான். அந்த சூட்டை அது இன்னொரு குழாய் வழியாக ஓடும் தண்ணீருக்கு கொடுத்து ஆவி ஆக்கும். ஆவி டர்பைனை சுற்றும். டர்பைன் கியர் வழியாக விசிறியை சுற்றும். உலைக்குள் ஓடிய தண்ணீரும் ஆவியாகும் தண்ணீரும் ஒன்றோடு ஒன்று கலப்பதே இல்லை. கதிர்வீச்சு எந்திர அறைக்கு பரவாமல் இருக்க இந்த ஏற்பாடு.

கேட்க சுலபம். செய்வது தான் கஷ்டம். கல்பாக்கம் சென்னை அணுமின் நிலைய உலைகள் பெரிய கட்டிடத்துக்குள் இருப்பவை. இயற்கை யுரேனியமே அவற்றுக்கு போதும். கப்பலிலோ 11 மீட்டர் அகலத்துக்குள் எல்லாம் அடங்க வேண்டும். கப்பல் எந்த பக்கம் சாய்ந்தாலும், திடீரென்று வேகம் கூட்டினாலும் குறைத்தாலும் உலை ஈடு கொடுக்க வேண்டும். அதனால் செறிவூட்டிய யுரேனியம் தேவை. அது மைசூரு அருகே உள்ள ரத்னஹள்ளியில் தயாராகிறது. அரிஹந்தின் உலை 83 மெகாவாட் வெப்பம் தரக்கூடியது.

ஒரு வெல்டிங், நூறு உயிர்

உலை தான் ஆபத்து என்று நினைத்தால் அது பாதி கதை தான். உண்மையில் பயப்பட வேண்டியது தண்ணீரை பார்த்து!

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும் போதும் ஒரு மடங்கு காற்றழுத்தம் கூடும். 300 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர அடி இரும்பின் மீதும் கிட்டத்தட்ட 28 டன் எடை அழுத்தும். அதாவது ஒரு சமையல் தட்டு அகலத்தின் மேல் பாரம் ஏற்றிய லாரி நிற்பது போல! கப்பல் முழுக்க எத்தனை சதுர அடி என்று கணக்கு போட்டு பாருங்கள். தலை சுற்றும்.

இதை தாங்குவதற்கு தனி ரக உறுதி இரும்பு தகடு. அதை வளைத்து வளையம் வளையமாக செய்கிறார்கள். வளையம் அச்சு அசலாக வட்டமாக இருக்க வேண்டும். கொஞ்சம் நசுங்கி இருந்தாலும் அழுத்தத்தில் அந்த இடம் தான் முதலில் மடங்கும். உள்பக்கம் விலா எலும்பு மாதிரி சட்டங்கள் வைத்து, வளையங்களை ஒன்றோடு ஒன்று வெல்டிங் செய்கிறார்கள்.

வெல்டிங் வேலை தெரிந்தவர்களுக்கு புரியும். தடித்த உறுதி இரும்பை அப்படியே பற்ற வைத்தால் ஆறும் போது உள்ளே விரிசல் விடும். அதனால் முன்கூட்டியே தகட்டை சூடாக்கி, அந்த சூடு குறையாமல் பார்த்துக்கொண்டு, படலம் படலமாக பற்ற வைக்க வேண்டும். சில விரிசல் உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்து தான் தலை காட்டும். எனவே காத்திருந்து எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் எடுத்து பார்க்கிறார்கள். குறை இருந்தால் தோண்டி எடுத்து விட்டு மறுபடி முதலில் இருந்து!

இவ்வளவு கறார் எதற்கு என்பதற்கு அமெரிக்காவின் 'த்ரெஷர்' கப்பல் சாட்சி. 1963-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந்தேதி சோதனைக்காக ஆழத்துக்கு போன அந்த அணுசக்தி நீர்மூழ்கி திரும்பவே இல்லை. 129 பேர் பலி. எந்திர அறையில் கடல் தண்ணீர் குழாயின் பற்ற வைத்த இணைப்பு ஒன்று விட்டுப்போனது தான் காரணமாக இருக்க வேண்டும் என்று விசாரணையில் முடிவுக்கு வந்தார்கள். அதன் பிறகு, கடல் தண்ணீர் தொடும் ஒவ்வொரு பாகத்தையும் யார் செய்தது, யார் சோதித்தது என்று எழுதி வைக்கும் முறையை அமெரிக்க கடற்படை கொண்டு வந்தது. அந்த சான்று பெற்ற கப்பல் எதுவும் அதன் பிறகு மூழ்கவில்லை.

ரஷியாவின் 'குர்ஸ்க்' 2000 ஆகஸ்டில் மூழ்கி 118 பேர் இறந்தார்கள். அங்கேயும் உலை வெடிக்கவில்லை. டார்பிடோ குண்டின் எரிபொருள் கசிந்து வெடித்தது. உலைகள் தாமாகவே நின்று விட்டன.

பூட்டுவதற்கு முன்பே எல்லாம் உள்ளே

அரிஹந்தின் உடல் பகுதிகளை குஜராத் மாநிலம் ஹசிராவில் எல் அண்டு டி நிறுவனம் செய்தது. விசாகப்பட்டினத்தில் உள்ள கப்பல் கட்டும் மையத்தில் முழு கப்பல் உருவானது. நீளம் சுமார் 110 மீட்டர். ஐந்து ரெயில் பெட்டியை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம். எடை சுமார் 6 ஆயிரம் டன்.

வளையங்களை மூடிய பிறகு பெரிய எந்திரத்தை உள்ளே கொண்டு போக வழி கிடையாது. எனவே முதலிலேயே உள்ளே இறக்கி பொருத்தி விட்டு அப்புறம் தான் மூட வேண்டும். எந்திரங்களை ரப்பர் தாங்கிகள் மேல் நிறுத்துகிறார்கள். சத்தம் வெளியே போனால் எதிரி கப்பல் காது கொடுத்து கண்டுபிடித்து விடும். உலையை நிறுத்தினாலும் அதில் மிச்ச சூடு இருக்கும் என்பதால் அதை தணிக்கும் ஏற்பாடு எப்போதும் தயாராக இருக்க வேண்டும். அதையும் சத்தம் இல்லாமல் செய்ய வேண்டும்.

2009-ம் ஆண்டு ஜூலை 26-ந்தேதி பிரதமர் மன்மோகன்சிங்கின் மனைவி குர்சரண் கவுர் தேங்காய் உடைத்து அரிஹந்தை தண்ணீரில் இறக்கி வைத்தார். உதவிய ரஷியாவுக்கு பிரதமர் நன்றி சொன்னார். அதோடு வேலை முடிந்து விடவில்லை. ஒவ்வொரு குழாய், வால்வு, ஒயர் என சோதித்து, கப்பலுக்குள் உலை உயிர் பெற்றது 2013 ஆகஸ்ட் 10-ந்தேதி. கடல் ஓட்டம் 2014 டிசம்பரில். கடற்படையில் சேர்ந்தது 2016-ல், சத்தம் இல்லாமல். முதல் ரோந்தை முடித்து திரும்பியதாக பிரதமர் மோடி 2018 நவம்பரில் அறிவித்தார்.

நெல்லையில் இருந்து ஒரு தகவல்

ஆழத்தில் இருக்கும் கப்பலுக்கு செல்போன் எடுக்காது. சாதாரண ரேடியோ அலையும் தண்ணீருக்குள் போகாது. மிகத்தாழ்ந்த அதிர்வெண் அலை மட்டும் கொஞ்ச ஆழம் இறங்கும். அதை அனுப்பும் கடற்படை தளம் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன். அங்குள்ள கோபுரங்களில் சில ஈபிள் கோபுரத்தை விட உயரம். கப்பல் தகவலை கேட்டுக்கொள்ளும். பதில் பேசாது. பேசினால் இருக்கும் இடம் தெரிந்து விடும்.

'முதலில் அணுகுண்டு வீச மாட்டோம்' என்பது இந்தியாவின் கொள்கை. அப்படி என்றால், நம் மீது யாராவது வீசினால் திருப்பி அடிக்க ஆயுதம் மிச்சம் இருக்க வேண்டும். தரையில் உள்ளதை எதிரி அழித்தாலும் கடலுக்கு அடியில் ஒளிந்திருப்பதை அழிப்பது கஷ்டம். அதற்காக தான் இத்தனை ஆண்டு பாடு. 2022 அக்டோபர் 14-ந்தேதி அரிஹந்தில் இருந்து வங்கக்கடலில் ஏவுகணை ஏவி வெற்றிகரமாக சோதித்தனர்.

இரண்டாவது கப்பல் ஐ.என்.எஸ். அரிகாத் 2024 ஆகஸ்ட் 29-ந்தேதி விசாகப்பட்டினத்தில் கடற்படையில் சேர்ந்தது. இது போன்ற கப்பலில் சுமார் 100 பேர், அணு உலைக்கு சில மீட்டர் தள்ளி படுத்து தூங்குகிறார்கள். ரோந்து முடியும் வரை எங்கே இருக்கிறோம் என்று வீட்டுக்கு கூட சொல்ல முடியாது. அவர்களுக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது எங்கோ ஒரு பட்டறையில் யாரோ ஒரு வெல்டர் பற்ற வைத்த இணைப்பு தான்.