விலக வழியில்லாத காலத்துக் காதல்

1961இல் பியெத்ரோ ஜெர்மி எடுத்த 'இத்தாலிய பாணி விவாகரத்து' ஒரு நகைச்சுவைப் படம். சிசிலியின் சிற்றூர் ஒன்றில் ஃபெஃபே என்ற பிரபு, உறவுக்காரப் பெண் ஆஞ்செலாமீது காதல் கொள்கிறான். மனைவியை விவாகரத்து செய்ய அன்றைய இத்தாலியச் சட்டத்தில் இடமில்லை; கொல்வதற்கு ஓரளவு இருந்தது. மனைவி, மகள், சகோதரி ஆகியோரின் கள்ள உறவைக் கண்ட ஆத்திரத்தில் மானத்துக்காகக் கொன்றால், குற்றவியல் சட்டத்தின் 587ஆம் பிரிவின்படி 3 முதல் 7 ஆண்டுச் சிறைதான். எனவே ஃபெஃபே தன் மனைவிக்குத் தானே ஒரு காதலனைத் தேடுகிறான். மார்செல்லோ மாஸ்த்ரொயானியின் நடிப்பில் சிரிக்கிறோம். சிரித்த பிறகு அந்தப் பிரிவு தொண்டையில் சிக்கிக்கொள்கிறது.

திரைக்கு வெளியிலும் அதே நிலைதான். தயாரிப்பாளர் கார்லோ பொன்டியின் முதல் திருமணத்தை இத்தாலியில் முறிக்க முடியாததால், அவரும் நடிகை சோஃபியா லோரெனும் இருதார வழக்கைச் சந்தித்தார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று 1966இல்தான் முறைப்படி மணந்தார்கள்.

விவாகரத்துச் சட்டம் 1970இல் வந்தது. அதை நீக்கக் கோரிய 1974 பொதுவாக்கெடுப்பில் 59 சதவீதத்தினர் சட்டம் இருக்கட்டும் என்றனர். 587ஆம் பிரிவு போக 1981 ஆயிற்று. விவாகரத்து பெற, தொடக்கத்தில் 5 ஆண்டுகள் பிரிந்து வாழ வேண்டியிருந்தது. 2015 முதல், இருவரும் இசைந்தால் 6 மாதம் போதும். இந்த விடுதலையின் பெருமை சிறிதல்ல.

மறு ஆண்டே வந்தது பாவ்லோ ஜெனொவேஸேயின் 'முற்றிலும் அந்நியர்கள்' படம். இரவு விருந்தில் 7 நண்பர்கள் கைபேசிகளை மேசைமேல் வைத்து, வரும் செய்திகளை எல்லோர் முன்னும் படிக்கிறார்கள். அன்று ஃபெஃபேயின் மாளிகையில் தாய், தந்தை, தங்கை என்று ஒரே கூட்டம். ஊரே வேவு பார்த்தது, மொட்டைக் கடிதங்கள் வந்து குவிந்தன. அந்தக் கண்களின் கொடுமையை நான் மறக்கவில்லை. ஆனால் இந்த விருந்து வீட்டில் ஒரே ஒரு மகள்தான். நாடே அப்படித்தான்: 1964இல் 10 லட்சத்துக்கும் மேல் குழந்தைகள் பிறந்த இத்தாலியில் 2023இல் 4 லட்சம்கூடப் பிறக்கவில்லை. வேவு பார்க்க இப்போது ஊர் இல்லை. துணைவரின் மனம் அறிய, மேசையில் ஒளிரும் சிறு திரைதான் மிச்சம்.

படத்தின் முடிவில், அந்த விருந்து இரவின் சந்திர கிரகணம் விடுகிறது. அந்த விளையாட்டே நடக்கவில்லை என்று தெரிகிறது. ரகசியங்கள் அப்படியே இருக்க, ஜோடிகள் சேர்ந்தே காரில் ஏறி வீடு திரும்புகிறார்கள்.