ஹைதராபாத் ஆசிரியரும் ஜகார்த்தா தங்கமும்

நம் தருமபுரி மாவட்டத்தின் எந்த ஊருக்குச் சென்றாலும், மாலை வேளையில் வெற்று நிலத்தில் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருப்பதைக் காணலாம். அவர்களை வீட்டுக்கு விரட்டும் பெரியவர்களையும் உடன் காணலாம். ‘பந்து சோறு போடுமா?’ என்பது அப்பெரியவர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விடை சொல்லும் தகுதி வாய்ந்த ஒருவரைப் பற்றி நம் இல்லங்களில் யாரும் பேசுவதில்லை. அவர் பெயர் சையத் அப்துல் ரஹீம்.

1909-ஆம் ஆண்டு ஹைதராபாத்தில் பிறந்த ரஹீம், உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். தொழில் ஆசிரியப் பணி. காச்சிகூடா நடுநிலைப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி என அந்நகரின் பள்ளிகளில் பாடம் நடத்தினார். பின்னர் உடற்கல்வியில் பட்டயமும் பெற்றார். 1950-இல் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியாளரானார். அந்த ஆண்டு முதல் 1954 வரை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையைத் தொடர்ந்து ஐந்து முறை அவ்வணி வென்றது. கால்பந்து என்றாலே கல்கத்தா என்றிருந்த காலம் அது.

இந்த வெற்றிகளின் வேர் எங்கே இருந்தது? இளைஞர்களுக்காக அவர் விசித்திரமான போட்டிகளை நடத்தினார். ஒன்றில், பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு வளைந்து நெளிந்து ஓடக் கூடாது. உடனே தோழனுக்குக் கொடுத்துவிட வேண்டும். இன்னொன்றில், பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும். வலக்கால் பழகியவன் இடக்காலால் தடுமாறுவதைப் பார்த்து ஊரார் சிரித்திருப்பார்கள். வலக்கையால் எழுதும் மாணவனை ஒரு மாதம் இடக்கையால் எழுதச் சொன்னால் என்ன பாடுபடுவான் என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் இரு காலும் தேர்ந்த வீரனை எதிரணி எந்தப் பக்கம் மடக்கும்? தன் திறமையைக் காட்டும் ஆசையை அடக்கித் தோழனுக்குப் பந்தைக் கொடுக்கக் கற்பது அதைவிடக் கடினம். அதைப் போட்டியின் விதியாகவே வைத்துவிட்டார் ரஹீம்.

ஏழைப் பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பதிலும் அவருக்கு நிகர் அரிது. செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். பயிற்சிக்கு வந்து போகக் காசில்லை என்று தயங்கிய அவருக்கு மிதிவண்டி வாடகையை ரஹீமே கொடுத்ததாகப் பலராம் பிற்காலத்தில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். அந்த இளைஞர் 1956, 1960 ஒலிம்பிக் போட்டிகளுக்குச் சென்றார்.

இந்திய அணிக்கு ரஹீம் பயிற்சியாளராக இருந்தபோது, 1951-இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈரானை 1–0 என வென்று தங்கம் பெற்றோம். மறு ஆண்டே சறுக்கல். ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குளிரில், பலர் வெறுங்காலுடன் ஆடிய நம் அணி யூகோஸ்லாவியாவிடம் 1–10 எனத் தோற்றது. அதன்பின் காலணி கட்டாயமாயிற்று. நான்கே ஆண்டுகளில், 1956 மெல்பர்னில், ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4–2 என வீழ்த்தி இந்தியா அரையிறுதி சென்றது. நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதி கண்ட முதல் ஆசிய நாடு நம் நாடுதான்.

1960 ரோம் ஒலிம்பிக் அணியில் ரஹீமின் மகன் ஹகீமும் இடம்பெற்றிருந்தார். ஆனால் ஓர் ஆட்டத்தில்கூட அவர் களமிறங்கவில்லை. 1962 ஆசிய அணியிலோ அவர் பெயரே இல்லை. பயிற்சியாளர் தந்தையாக இருந்தும்! சிபாரிசுக்கு அலையும் நம் காலத்தில் இதை இரு முறை படிக்கலாம்.

இனி ஜகார்த்தா. 1962. நுரையீரல் புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0–2 எனத் தோல்வி. அடுத்து தாய்லாந்தை வென்ற ஆட்டத்தில், பின்களத் தூணான ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து தையல் போட வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு, இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அனுமதிக்காததைப் பற்றி இந்திய அதிகாரி ஒருவர் கூறிய கருத்தால் உள்ளூர் மக்கள் நம்மவர்மீது கொதித்துப் போயிருந்தார்கள்.

இந்நிலையில் ரஹீம் செய்ததுதான் என்னைப் போன்ற ஆசிரியர்களை வியக்க வைப்பது. தலையில் கட்டுடன் இருந்த ஜர்னைலைப் பின்களத்திலிருந்து எடுத்து முன்களத்தில் நிறுத்தினார்! கோலைத் தடுப்பவனைக் கோல் அடிக்கச் சொன்னார். அரையிறுதியில் ஜர்னைல் ஒரு கோல் அடித்தார். தென்வியட்நாமை 3–2 என வென்றோம். செப்டம்பர் 4 அன்று இறுதி ஆட்டம், எதிரில் மீண்டும் தென்கொரியா. தமக்கு ஒரு பரிசு வேண்டும், அது அந்தத் தங்கம் என்று முந்தைய இரவு ரஹீம் கேட்டதாக வீரர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அரங்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். பெரும்பாலோர் நமக்கு எதிராகக் கூச்சலிட்டார்கள். ஆனால் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் நமக்காகக் குரல் கொடுத்தார்கள் என்பதை மறக்கலாகாது. 17-ஆம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜி ஒரு கோல். 20-ஆம் நிமிடத்தில் ஜர்னைல் ஒரு கோல். நம் கோலைக் காத்து நின்றவர், நீலகிரி வெலிங்டனின் மதராஸ் ரெஜிமெண்ட் மையத்திலிருந்து புகழடைந்த பீட்டர் தங்கராஜ். கடைசி நிமிடங்களில் கொரியா ஒரு கோல் திருப்பியது. 2–1 எனத் தங்கம் நமதாயிற்று.

அமெரிக்கக் கல்லூரிகளில் அவர்கள் ஆடும் கால்பந்துக்கு ஒரு பெரும் பயிற்சியாளர் படையே உண்டு. தற்காப்பில் ‘லைன்பேக்கர்’ எனப்படும் இரண்டாம் வரிசைக்கென்றே தனிப் பயிற்சியாளர் இருப்பார். அதுவே அவருக்கு வாழ்நாள் தொழில். ரஹீமோ முன்களம், நடுக்களம், பின்களம் எல்லாவற்றுக்கும் தாம் ஒருவரே திட்டம் வகுத்தார். பின்களத்தில் நால்வரை நிறுத்தும் முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

ஜகார்த்தாவிலிருந்து திரும்பி ஒன்பது மாதங்கள்தாம். 1963 ஜூன் 11 அன்று மர்ஹூம் ரஹீம் காலமானார்; வயது 53. இறக்கும்வரை ஹைதராபாத் காவல்துறை அணியின் பயிற்சியாளர் அவர்தான். பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியா விருதை அரசு தொடங்கியதோ 1985-இல். அவர் கதை ‘மைதான்’ என்ற இந்தித் திரைப்படமாக வெளிவந்தது 2024-இல். மகன் ஹகீம் சர்வதேச நடுவராக உயர்ந்து, 2017-இல் தியான்சந்த் விருது பெற்று, 2021-இல் மறைந்தார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் 1970-இல் ஒரு வெண்கலம் கிடைத்தது. தங்கம் அதன்பின் இந்தியாவுக்கு வரவில்லை.