கம்ப்யூட்டரே, உன் பாஷை என்ன?

தாம்பரத்துப் பெரியவர்களுக்கு மீட்டர் கேஜ் ரெயில் நன்றாக நினைவிருக்கும். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ம் ஆண்டில் மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் அகலம். பிறகு அகலப் பாதை வந்தது. அதன் அகலம் 1.676 மீட்டர். 2004-ம் ஆண்டில் பழைய மின்சார வண்டி விடைபெற்றது. இரண்டும் ரெயில்தான். ஆனால் இதன் வண்டி அதில் ஓடாது!

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான்.

மூன்று பாஷைகள்

கம்ப்யூட்டரின் மூளைக்குப் பிராசசர் என்று பெயர். கூட்டு, கழி, எடு, வை என்று புரோகிராம் இடும் கட்டளைகளை அது நிறைவேற்றும். ஆனால் எல்லாப் பிராசசருக்கும் ஒரே பாஷை கிடையாது. இன்டெல், ஏ.எம்.டி. சிப்புகளின் பாஷை எக்ஸ்-86. செல்போன்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்ம். மூன்றாவது ரிஸ்க்-5. 2010-ம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. யாரும் கட்டணமின்றி எடுத்தாளலாம்.

ஒன்றுக்கென்று தயாரித்த புரோகிராம் மற்றொன்றுக்குப் புரியாது. நடுவில் மொழிபெயர்க்க ஒரு புரோகிராம் வேண்டும். ஆகவே, ஓடுவதற்கு முன் "நீ எந்த வகை?" என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கேட்பதிலும் சங்கடம்

எக்ஸ்-86 சிப்பைக் கேட்க 'சிபியு-ஐடி' என்ற கட்டளை இருக்கிறது. 1993-ல் வந்த பென்டியத்தில் இது இடம்பெற்றது. கேட்டதும், தயாரித்தவர் பெயரை ஆங்கிலத்தில் சரியாக 12 எழுத்துகளில் சிப் சொல்லிவிடும்.

ஆனால் அந்தக் கேள்வியே எக்ஸ்-86 பாஷையில் இருக்கிறது! ஆர்ம் சிப்பிடம் கேட்டால் அதற்குப் புரியாது, புரோகிராம் நின்றுவிடும். தமிழ் தெரியாதவரிடம் "தமிழ் தெரியுமா?" என்று தமிழிலேயே கேட்ட கதைதான்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் சிப்பைக் கேட்பதில்லை. கம்ப்யூட்டரை நிர்வகிக்கும் லினக்ஸ் போன்ற அமைப்பைக் கேட்கிறார்கள். 'யூநேம்' என்ற கட்டளை கொடுத்தால் எந்த வகை என்று பதில் வரும்.

புரோகிராமின் நெற்றியிலும் அடையாளம் உண்டு. லினக்ஸில் ஓடும் புரோகிராம் கோப்பின் தொடக்கத்திலேயே ஓர் எண் இருக்கும். 64 பிட் எக்ஸ்-86 என்றால் 62. 64 பிட் ஆர்ம் என்றால் 183. ரிஸ்க்-5 என்றால் 243. பெட்டியின் எண்ணைப் பார்த்து ரெயிலில் ஏறுவது போல!

கிண்டி தந்த சிப்

இதில் நமக்கென்ன? இருக்கிறது. தாம்பரத்திலிருந்து மின்சார ரெயிலில் கிண்டிக்கு வந்தால், பக்கத்தில்தான் சென்னை ஐ.ஐ.டி. அங்கே பேராசிரியர் வி. காமகோடியின் குழு 'சக்தி' என்ற பிராசசரை வடிவமைத்தது. அது பேசுவது ரிஸ்க்-5. 2018-ல் அந்தச் சிப்புகள் லினக்ஸை இயக்கிக் காட்டின. 2020-ல் 'மௌஷிக்' வந்தது. 2025-ல் இஸ்ரோவுடன் சேர்ந்து உருவாக்கிய 'ஐரிஸ்' வந்தது.

"எக்ஸ்-86 இல்லையா? அப்படியானால் ஆர்ம்தான்" என்று முடிவு கட்டும் புரோகிராம், சக்தியைக் கண்டால் தடுமாறும். தரமணியிலும் சோழிங்கநல்லூரிலும் எழுதப்படும் புரோகிராம், கிண்டியில் வடிவமைத்த சிப்பிலேயே ஓடாமல் போகலாம்! பழுது சிப்பில் இல்லை. மூன்றாவது பதிலை எதிர்பாராத புரோகிராமில்தான்.

பரிகாரம் எளிது. மூன்று பெயரையும் தனித்தனியே கேட்க வேண்டும். நான்காவதாக எதுவும் வந்தால், ஊகிக்காமல் "எனக்குத் தெரியாது" என்று சொல்லி நிற்க வேண்டும்.

தாம்பரத்தில் தண்டவாளத்தை அகலப்படுத்தினார்கள், பிரச்சினை தீர்ந்தது. சிப்புகள் எல்லாம் ஒரே பாதைக்கு வருவதாகத் தெரியவில்லை. எனவே, வண்டி எடுப்பதற்கு முன் பாதையைப் பார்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம்!