ஊசியில் தொடங்கும் வட்டம்

ஸ்டாக்ஹோம் நகரத்துக்குள்ளேயே யூர்கார்டன் என்றொரு தீவு. அந்தத் தீவில் ரோசெண்டால் என்றொரு தோட்டம். ரசாயனம் தொடாமல் காய்கறியும் பூவும் வளர்க்கும் இடம். சில ஆண்டுகளுக்கு முன் அந்தத் தோட்டத்தின் உரக்குவியலில், இலைதழைகளோடு சேர்த்து, வழக்கத்தில் இல்லாத ஒன்றைப் போட்டார்கள். உடுத்தி உடுத்தி நைந்துபோன கம்பளித் துணிகள். கொடுத்தது ஹூடினி என்ற ஸ்வீடன் விளையாட்டு ஆடை நிறுவனம். நுண்ணுயிர்கள் துணியைத் தின்று தீர்த்தன. துணி உரமானது. அந்த உரத்தில் காய்கறி விளைந்தது. விளைந்ததைச் சமைத்து விருந்தும் பரிமாறினார்கள்.

கம்பளி ஆட்டின் முடி. நம் தலைமுடியையும் நகத்தையும் போலவே கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. புரதம் என்றால் அதில் நைட்ரஜன் உண்டு; நைட்ரஜன் செடிக்கு உணவு. ஈரமும் நுண்ணுயிரும் கிடைத்தால் கம்பளி மண்ணோடு மண்ணாகிவிடும். ஆனால் அதே துணியில் பாலியஸ்டர் கலந்திருந்தால் அது மட்டும் மட்காமல் மண்ணிலேயே கிடக்கும். ஆகவே ஒரு துணி உரக்குழிக்குப் போகுமா, குப்பைமேட்டுக்குப் போகுமா என்பது அது கிழியும் நாளில் முடிவாவதில்லை. வடிவமைப்பாளர் மேசையில் இழையைத் தேர்ந்தெடுத்த நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

ஸ்வீடன், டென்மார்க், நார்வே நாடுகளின் ஆடை நிறுவனங்கள் கடந்த சில பத்தாண்டுகளாகச் செய்துபார்க்கும் 'சுழற்சி' முயற்சிகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு பாடம் போதும். எடுப்பது, தைப்பது, எறிவது என்ற நேர்க்கோட்டை வளைத்து வட்டமாக்க அவர்கள் முயல்கிறார்கள். சில முயற்சிகள் வேர்பிடித்திருக்கின்றன. சில பெரும் பணத்தோடு சரிந்திருக்கின்றன. இரண்டுமே நமக்கு முக்கியம்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

உலகில் ஆடைக்காகப் பயன்படும் இழையில் மீண்டும் ஆடையாவது 1 சதவீதத்துக்கும் குறைவு என்று எலன் மெக்ஆர்தர் அறக்கட்டளை 2017இல் கணக்கிட்டது. மீதி குப்பைமேட்டுக்கோ, எரியுலைக்கோ, தரையைத் துடைக்கும் கந்தலாகவோ போய்விடுகிறது.

ஸ்வீடனில் 2011 முதல் 2019 வரை நடந்த மிஸ்ட்ரா ஃபியூச்சர் ஃபேஷன் என்ற பெரிய ஆய்வுத் திட்டம் இன்னொரு கேள்வியைக் கேட்டது. ஸ்வீடன் மக்கள் உடுத்தும் துணியால் வெளியேறும் கரியமில வாயுவில் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் வெளியேறுகிறது? சுமார் 80 சதவீதம் உற்பத்திக் கட்டத்தில் என்று விடை வந்தது. அதாவது இழை எடுத்து, நூல் நூற்று, நெய்து, சாயமேற்றி, தைக்கும் இடங்களில். வீட்டில் துவைப்பதற்கு மிகச் சிறிய பங்குதான். அதே ஆய்வின் இன்னொரு முடிவு: ஒரு துணியை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு முறை உடுத்தினால் அதன் காலநிலைச் சுமை ஏறத்தாழ பாதியாகிவிடும்.

இதற்கு விஞ்ஞானியோ இயந்திரமோ வேண்டியதில்லை. ஏற்கெனவே தைத்த துணியை இன்னும் கொஞ்ச காலம் போட்டுக்கொண்டால் போதும். சுழற்சிப் பொருளாதாரம் பேசுபவர்கள் 'உள்வட்டம்' என்று சொல்வது இதைத்தான். பழுதுபார்ப்பது, கைமாற்றுவது, வாடகைக்குக் கொடுப்பது எல்லாம் உள்வட்டம். துணியைக் கூழாக்கி மறுபடி நூலாக்குவது வெளிவட்டம். வெளியே போகப் போக வெப்பமும் தண்ணீரும் ரசாயனமும் பணமும் கூடிக்கொண்டே போகும்.

ஒட்டுப்போடும் கடை

கோத்தன்பர்க் நகரில் 2001இல் தொடங்கியது நூடி ஜீன்ஸ். 2012இல் தன் டெனிம் முழுவதையும் இயற்கை வேளாண் பருத்திக்கு மாற்றியது. அதன் கடைகளில் விற்பனை மேசைக்குப் பக்கத்திலேயே தையல் இயந்திரம் இருக்கும். அந்த நிறுவனத்தின் ஜீன்ஸ் முழங்காலிலோ தொடையிடுக்கிலோ கிழிந்தால் கொண்டுபோய்க் கொடுக்கலாம். கட்டணமின்றித் தைத்துத் தருவார்கள். அளவு சரியில்லை, போட்டுச் சலித்துவிட்டது என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிதின் விலையில் 20 சதவீதம் தள்ளுபடி பெறலாம். திரும்பி வந்ததைத் துவைத்துத் தைத்து, பழையது என்று சொல்லியே விற்கிறார்கள். ஆண்டுக்கு 50,000க்கும் மேற்பட்ட ஜீன்ஸ்கள் இப்படிப் பழுது நீங்கி வீடு திரும்புகின்றன.

மலையேறிகளுக்கான ஆடைகளால் பெயர் பெற்ற ஃபியால்ரேவன் வேறொரு வழியில் அதே இடத்துக்கு வந்தது. 1960இல் ஓக்கே நோர்டின் தொடங்கிய நிறுவனம் அது. 1960களில் தன்னிடம் தங்கிப்போன கூடாரத் துணி ஒன்றை எடுத்து மேல்சட்டை தைத்தார் அவர். பாலியஸ்டரும் பருத்தியும் கலந்து நெருக்கமாக நெய்த துணி. அதன்மேல் பாரஃபினும் தேன்மெழுகும் கலந்த மெழுகைத் தேய்த்துச் சூடுகாட்டினார்; தண்ணீர் ஒட்டாமல் வழிந்தது. 1968இல் வந்த அந்த 'கிரீன்லாந்து' சட்டை இன்றும் விற்பனையில் இருக்கிறது. மெழுகு தேய்ந்தால் உடுத்துபவரே வீட்டில் மெழுகுக் கட்டியைத் தேய்த்து, இஸ்திரிப் பெட்டியால் உருக்கி ஏற்றிக்கொள்ளலாம். பராமரிப்பைக் கடைக்காரரிடம் விட்டுவிடாமல் உடுத்துபவர் கையிலேயே கொடுத்துவிட்ட வடிவமைப்பு இது. கையால் தொட்டுப் பராமரித்த பொருளை யாருக்கும் எளிதில் எறிய மனம் வராது.

குழந்தைகளுக்கான போலார்ன் ஓ. பைரெட் நிறுவனத்தின் குளிர்கால மேலாடையைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே ஒரு சிறு பெயர்ச்சீட்டு தைத்திருக்கும். அதில் எழுதுவதற்கு மூன்று பெயர்களுக்கு இடம் உண்டு. ஒரு குழந்தை வளர்ந்ததும் தம்பிக்கு, பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு. மூன்று பேர் போட்டாலும் தாங்க வேண்டும் என்பதே தைப்பவர்களுக்கு இடப்பட்ட நிபந்தனை.

அரசும் உடன் வந்தது. துணி, செருப்பு, மிதிவண்டி ஆகியவற்றைப் பழுதுபார்ப்பதற்கான மதிப்புக்கூட்டு வரியை ஸ்வீடன் 2017இல் 25 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைத்தது. புதிது வாங்குவதைவிடத் தைத்துப் போடுவது மலிவாக இருந்தால்தான் தையல்காரர் பிழைப்பார் என்ற எளிய பொருளாதாரம் அதன் பின்னால் இருந்தது.

கூழாகிய ஜீன்ஸ்

எவ்வளவு தைத்தாலும் ஒருநாள் துணி நைந்துதான் போகும். அங்கேதான் வெளிவட்டத்தின் அறிவியல் தொடங்குகிறது.

முதல் சிக்கல் பிரிப்பது. குவிந்து கிடக்கும் பழந்துணியில் எது பருத்தி, எது பாலியஸ்டர், எது கலப்பு என்று கண்ணால் சொல்வது கடினம். சீட்டு கிழிந்திருக்கும், அல்லது தவறாக இருக்கும். மால்மோ நகரில் 2020இல் திறந்த சிப்டெக்ஸ் ஆலை இதற்குக் கண்ட வழி ஒளி. ஓடும் பட்டையில் வரும் துணிமேல் அண்மை அகச்சிவப்பு ஒளி விழுகிறது. ஒவ்வோர் இழையும் அதைத் தனக்கே உரிய விதத்தில் உறிஞ்சித் திருப்பி அனுப்பும். உணரி அதைப் படித்ததும், காற்றுக் குழாய் அந்தத் துணியை உரிய பெட்டிக்குள் ஊதித் தள்ளிவிடும். ஆண்டுக்கு 24,000 டன் பிரிக்கும் திறனோடு கட்டப்பட்ட ஆலை இது.

அடுத்த சிக்கல் இழையின் நீளம். பழந்துணியைப் பற்சக்கரத்தில் கிழித்துப் பஞ்சாக்கினால் இழை துண்டு துண்டாகிவிடும். குட்டை இழையில் நூற்ற நூல் முரடாக இருக்கும், அறுந்தும் போகும். உறுதிக்குப் புது இழையைக் கலந்தாக வேண்டும். எச் அண்ட் எம் நிறுவனம் 2020இல் ஸ்டாக்ஹோம் கடை ஒன்றில் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்திய லூப் என்ற இயந்திரமும் அப்படித்தான் செய்தது. பழைய ஸ்வெட்டரைக் கிழித்து, நூற்று, பின்னிப் புதிதாக்க அதற்குச் சுமார் 5 மணி நேரம் பிடித்தது.

இழை குட்டையானால் அதையும் கரைத்துவிட்டு மூலக்கூறிலிருந்தே தொடங்கலாமே? பருத்தி என்பது பெரும்பாலும் செல்லுலோஸ். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் கோத்த சங்கிலி. மரக்கூழில் இருப்பதும் அதே செல்லுலோஸ்தான். மரக்கூழிலிருந்து ரேயான் செய்ய முடியும்போது பழைய ஜீன்ஸிலிருந்து ஏன் முடியாது என்று கேட்டார்கள் ஸ்டாக்ஹோமின் கேடிஹெச் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள். 2012இல் பிறந்தது ரினியூசெல் நிறுவனம். பொத்தானையும் ஜிப்பையும் நீக்கி, துணியை அரைத்து, சாயத்தை வெளுத்து, சங்கிலியின் நீளத்தைச் சீராக்கிக் கூழாக்கினார்கள். கூழைக் காயவைத்தால் தடித்த வெள்ளை அட்டை. அதற்கு வைத்த பெயர் சர்க்குலோஸ். ரேயான் ஆலைகள் மரக்கூழுக்குப் பதில் இதை வாங்கி இழையாக்கலாம். 2014இல் நீல ஜீன்ஸிலிருந்து பிறந்த மஞ்சள் கவுன் ஒன்று மேடையேறியது.

வட ஸ்வீடனின் சுண்ட்ஸ்வாலில், பழைய காகித ஆலை ஒன்றின் வளாகத்தில் 2022இல் அவர்களின் பெரிய ஆலை திறந்தது. ஆண்டுக்கு 60,000 டன் கூழ் தருவது கனவு. 2024 பிப்ரவரியில் நிறுவனம் திவாலானது.

வேதியியல் தோற்கவில்லை. வாங்க வேண்டியவர்கள் போதிய அளவில் வாங்கவில்லை. மரக்கூழ் மலிவு, பழந்துணிக் கூழ் விலை கூடுதல். மேடையில் சுழற்சி பேசிய நிறுவனங்களுக்கும் இந்தக் கூழுக்கும் நடுவே இழை ஆலை, நூற்பாலை, நெசவாலை என்று பல கைகள். கூடுதல் விலையை எந்தக் கை ஏற்பது என்பதற்கு விடை கிடைக்கவில்லை. அதே 2024இல் புதிய உரிமையாளர் கையில் சர்க்குலோஸ் என்ற பெயரோடு நிறுவனம் மீண்டெழுந்தது. ஆனால் சுண்ட்ஸ்வாலின் அந்தச் சரிவு சொன்ன செய்தியை மறக்கக் கூடாது. நல்ல தொழில்நுட்பம் தன்னந்தனியாக நிற்காது. வாங்குவோம் என்ற உறுதியான ஒப்பந்தம் அதைத் தாங்க வேண்டும்.

இன்னொரு புறம் கலப்புத் துணி. பாலியஸ்டரும் பருத்தியும் பின்னிக்கிடந்தால் கூழாக்குவது கடினம். சோட்ரா என்ற வன உரிமையாளர்கள் கூட்டுறவு 2019இல் தன் மோரும் கூழ் ஆலையில் இதற்கு வழி கண்டது. ஓட்டல், மருத்துவமனை விரிப்புகள் போன்ற வெள்ளைக் கலப்புத் துணியிலிருந்து பருத்தியைப் பிரித்து மரக்கூழோடு கலந்தது. வெள்ளையில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. சாயம் ஏறிய துணியில் வேலை இன்னும் சிக்கலாகும்.

சொல்லும் செயலும்

1947இல் வெஸ்டரோஸ் நகரில் ஒற்றைக் கடையாகத் தொடங்கி உலகெங்கும் பரவிய எச் அண்ட் எம் பிறந்ததும் இதே மண்ணில்தான். 2013 முதல் அதன் கடைகளில் பழந்துணிப் பெட்டி உண்டு. ஸ்வீடன் நாளிதழ் ஆஃப்டன்பிளாடெட் 2023இல் பத்து ஆடைகளில் இருப்பிடம் காட்டும் கருவியை மறைத்துவைத்து அந்தப் பெட்டிகளில் போட்டுப் பின்தொடர்ந்தது. துணிகள் பல நாடுகள் சுற்றின. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் வரை போனதும் உண்டு. வட்டம் என்று நம்பிப் போட்டது கண்டம் தாண்டிய ஏற்றுமதியாக நீண்டது.

2022 ஜூனில் நார்வேயின் நுகர்வோர் ஆணையம் தன் நாட்டின் பெயர்பெற்ற ஆடை நிறுவனமான நோரோனாவையே தட்டிக்கேட்டது. பருத்திச் சட்டை ஒன்று சுற்றுச்சூழலுக்கு இத்தனை மடங்கு நல்லது என்று காட்டிய எண்கள், அந்தச் சட்டையை அளந்து எடுத்தவை அல்ல, பொதுச் சராசரிகள். அதை வைத்து விளம்பரம் செய்வது வாங்குபவரை ஏமாற்றுவது என்று தீர்ப்பளித்தது. எச் அண்ட் எம்முக்கும் எச்சரிக்கை போனது. சொந்த நாட்டு நிறுவனம் என்று பார்க்காத இந்தக் கண்டிப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். கோபன்ஹேகன் ஃபேஷன் வாரமும் 2023இல் 18 குறைந்தபட்ச விதிகளைக் கொண்டுவந்தது. நிறைவேற்றாதவர்களுக்கு மேடை இல்லை. விற்காத துணிகளை அழிக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று.

வட்டத்தின் மறுபாதி

அந்த 80 சதவீதக் கணக்குக்குத் திரும்புவோம். ஸ்வீடன் உடுத்தும் துணியின் சுமையில் பெரும்பங்கு ஸ்வீடனில் விழுவதில்லை. சீனத்தில், வங்கதேசத்தில், துருக்கியில், நம் திருப்பூரில் விழுகிறது. சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கொன்று, ஒரத்துப்பாளையம் அணையைச் சாக்கடைத் தேக்கமாக்கிய கதை நமக்குத் தெரியும். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் தண்ணீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்குத் தொழில் மாறியது. அந்தச் செலவைச் சுமந்தது திருப்பூர். பனியன் வேஸ்ட்டை வாங்கிக் கிழித்து மறுபடி நூலாக்கும் ஓப்பன் எண்ட் மில்கள் கொங்கு மண்டலத்தில் நெடுங்காலமாக ஓடுகின்றன. சுழற்சி என்ற சொல் வருவதற்கு முன்பே நடந்துவரும் சுழற்சி அது.

நூடி ஜீன்ஸ் தன் டி-சட்டைகளைப் பின்னித் தரும் திருப்பூர் ஆலை ஒன்றில் 2013 முதல் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தது. தொழிலாளர் குடும்பம் கண்ணியமாக வாழத் தேவையான கூலிக்கும் நடப்புக் கூலிக்கும் உள்ள இடைவெளியில், தான் வாங்கும் சரக்கின் அளவுக்கு உரிய பங்கைக் கூடுதலாகத் தருகிறது. ஆலையின் மொத்த உற்பத்தியில் அதன் பங்கு சிறிது. ஆகவே போய்ச் சேரும் தொகையும் சிறிது. மற்ற நிறுவனங்களும் தங்கள் பங்கைப் போட்டால்தான் அது கூலியாகும். சுண்ட்ஸ்வாலில் கேட்ட அதே கேள்வி இங்கும் நிற்கிறது: கூடுதல் விலையை எந்தக் கை ஏற்பது?

குழந்தையின் மேலாடைக்குள் இருக்கும் பெயர்ச்சீட்டை மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். மூன்று பெயர்களும் நிரம்பிய ஒரு சீட்டு, எந்த அறிக்கையையும்விட நம்பத்தகுந்த அளவுகோல். அந்தச் சீட்டில் இடமில்லாத ஒரு பெயரும் உண்டு. முதன்முதலில் அந்தத் துணியைக் கையில் எடுத்து ஊசி கோத்தவரின் பெயர். மூன்று குழந்தைகளும் தாங்கும்படி தைத்துத் தந்த அந்தக் கைக்கு உரிய கூலி போய்ச்சேரும்போதுதான் இந்த வட்டத்தின் இரு முனைகளும் தொடும்.